அனுகுந்தி என்றால் சொன்னாள் என்று நினைத்திருந்தேன்

மாயக் கதை எழுதுகிறவர்களில் மூன்று பேரை எனக்கு நன்றாகத் தெரியும். நேரில் இல்லை. அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. என் கைக்கு வந்த புத்தகங்களெல்லாம் முன்பக்கம் கிழிந்துதான் வந்தன. ஆனால் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினால் இது இன்னார் எழுதியது என்று சொல்லிவிடுவேன். மூன்று பேரும் பூதம், மந்திரவாதி, சாபம் என்றுதான் எழுதினார்கள். வித்தியாசம் அதில் இல்லை. கதைக்குள் இருக்கிற மனுஷிக்கு மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதை எப்படிச் சொன்னார்கள் என்பதில் இருந்தது. அதில் ஒருவரை நான் பல மாதம் தலைகீழாகப் புரிந்துகொண்டு படித்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் திருத்தணிக்குக் கிட்டே. கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். எனக்கு ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்குமேல் படிக்கப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்தபோது ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்திருந்த புதிது. சித்தூர் ஜில்லாவை மொத்தமாக அதோடு சேர்த்திருந்தார்கள். எங்கள் ஊரும் கூடவே போயிருந்தது. தமிழ் ஊர்களைத் திருப்பிக் கேட்கிறார்கள், எல்லையை மறுபடி போடுவார்கள் என்று பேச்சு மட்டும் ஓயாமல் இருந்தது.

என் வீட்டுக்காரர் ரெவின்யூ ஆபீசில் குமாஸ்தா. எல்லைப் பேச்சு முற்றிய பிறகு அவர் வீட்டில் தங்கியதே குறைவு. குப்பம், குடுபல்லி என்று கேம்ப் போய்விடுவார். எந்த ஊரில் எத்தனை பேர் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று விசாரிக்கிற அதிகாரிகளுக்குப் பின்னால் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை. ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கமாட்டார். கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். பிறகு நான் சாப்பிட உட்காரும்போதுதான் உப்பு இல்லாதது எனக்குத் தெரியும்.

நாங்கள் இருந்த தெருவில் முக்கால்வாசி தெலுங்குக்காரர்கள். எனக்குக் காய் வாங்குகிற தெலுங்குதான் தெரியும். "எந்த?" என்று விலை கேட்பேன், பதிலாக அவர்கள் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னால் பையை நீட்டிவிட்டு நிற்பேன். அவர் கேம்ப் போன நாட்களில் நான் வாய்விட்டுப் பேசுகிற தமிழ் காலையில் விளக்கேற்றும்போது பெருமாள் படத்துக்கு முன்னால் பேசுவது ஒன்றுதான். சனிக்கிழமை ஒருபொழுது இருப்பேன். அன்றைக்குச் சமையலும் கிடையாது என்பதால் அந்தப் பேச்சு இன்னும் நீளமாக இருக்கும். அப்போது எங்களுக்குக் குழந்தையும் இல்லை. குழாயடியில் சொட்டுகிற தண்ணீரின் சத்தம் எனக்கு மனப்பாடம்.

அவர்தான் ஒருநாள் ஆபீசில் யாரிடமோ கேட்டு வாங்கிவந்த புத்தகத்தை அலமாரிமேல் வைத்தார். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, நூல் போட்டுத் தைத்து, மைதாப் பசையால் அட்டை ஒட்டியிருந்தது.

"இன்னாங்க இது?"

"கத. பொழுது போவட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பிறகு ஒவ்வொரு கேம்புக்கும் முன்னால் ஒரு புத்தகம் அலமாரிமேல் இருக்கும்.

முதலில் வந்தவருக்கு நான் வைத்த பெயர் எல்லாம் சொல்கிறவர். அவர் கதையில் ஒரு மந்திரவாதி ராஜகுமாரியின் நிழலைத் திருடிக்கொண்டு போய்விடுவான். நிழல் இல்லாத பெண்ணை யார் கட்டுவார்கள்? அவள் அரண்மனைத் தூணில் சாய்ந்து நிற்பாள். நிற்கிறாள் என்று ஒரு வரி. அவள் என்னென்ன நினைக்கிறாள் என்று மூன்று பக்கம். பிறகு மந்திரவாதி என்ன நினைக்கிறான் என்று இரண்டு பக்கம். அவன் தோளில் இருக்கிற கிளி என்ன நினைக்கிறது என்று ஒரு பக்கம். யாருடைய மனசையும் அவர் பூட்டி வைக்கமாட்டார். கதவைத் திறந்து, விளக்கைப் பிடித்து, உள்ளே வாம்மா, இது அவள் துக்கம், இது அவள் கோபம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்குள் யாரோ என் பாஷையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். மூன்று நாளைக்கு வரவேண்டிய புத்தகத்தை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

இரண்டாமவர் ஒன்றும் சொல்லாதவர். அவர் கதையில் ஒருத்தியின் புருஷன் சாபத்தால் பகலெல்லாம் கொக்காகிவிடுவான். அவள் அதை யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் அவன் கொக்காகவே நின்றுவிடுவான். தினமும் அவள் துணி துவைக்க ஏரிக்குப் போவாள். கரையில் கொக்குகள் நிற்கும். அதில் ஒன்று அவன். எது என்று அவளுக்குத் தெரியாது. இந்த இடத்தில் முதலாமவராக இருந்தால் மனசைப் பிழிந்து பத்துப் பக்கம் எழுதியிருப்பார். இவரோ, "துணியெல்லாம் காய்ந்துவிட்டது. அவள் காய்ந்த புடவையை எடுத்து மறுபடி தண்ணீரில் நனைத்தாள்" என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஊரில் இருந்தார். நான் பொதுவாக அவரிடம் கதையைப் பற்றிப் பேசியதில்லை. ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன்.

"இந்த ஆளு இன்னாங்க இப்டி எழுதறாரு? அவ அழுவுறாளா இல்லியான்னே தெரியல."

அவர் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். "நானும் படிச்சேன். அவருதான் நல்லா எழுதறாரு."

"இன்னா நல்லாகீது? ஒண்ணுமே சொல்லல."

"அதான் நல்லாகீது."

சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். அவரும் இந்தப் புத்தகங்களைப் படிக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேம்பில் படித்துவிட்டுத்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

மூன்றாமவர் தெலுங்குக்காரர். அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பக்கத்துக் குடித்தனத்து அக்கா. ஒரே வாசலுக்குள் இரண்டு குடித்தனம் நாங்கள். முற்றமும் குழாயும் பொது. அக்காவின் புருஷன் வெல்ல மண்டி வைத்திருந்தார். அவர் வீட்டு ஆட்கள் நடந்துபோனாலே வெல்ல வாசனை அடிக்கும். அக்கா தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். என்னை அரவம்மா என்றுதான் கூப்பிடுவாள். தெலுங்குக்காரர்கள் தமிழை அரவம் என்பார்கள்.

"ஏம் கூர இன்னிக்கி, அரவம்மா?"

"கத்திரிக்கா."

"நேத்தும் கத்திரிக்கா, மொன்னயும் கத்திரிக்கா. மீ ஆயன ஏமி சொல்லலியா?"

"அவரு எதுக்கும் ஒண்ணும் சொல்லமாட்டாருக்கா."

"அதிருஷ்டம்டி உனக்கு! மா ஆயன உப்பு ஜாஸ்தின்னா தெருவுக்கே கேக்கும்."

அவள் வீட்டில் ஒரு தெலுங்கு மாதப் பத்திரிகை கட்டுக்கட்டாகக் கிடக்கும். தொடர்கதைக்கு எழுதினவர் பெயரை அதில் போடமாட்டார்கள். படம் பார்க்க எடுத்தேன். எழுத்து சொல்லிக் கொடு என்று கேட்டபோது சிரித்தாலும் சொல்லிக்கொடுத்தாள். முற்றத்தில் கரித்துண்டால் எழுதிக் காட்டுவாள். தண்ணீர் தெளித்து அழிப்போம். எழுத்து வந்த பிறகு நானே கூட்டிக் கூட்டிப் படித்தேன். தெரியாத வார்த்தையை அர்த்தம் ஊகித்துக்கொண்டு தாண்டிவிடுவேன். எல்லாவற்றையும் கேட்டால் அரவம்மா அரவம்மா என்று கேலி செய்வாள்.

அந்தத் தொடரில், ஏரிக்கு அடியில் இருக்கிற நாகலோகத்துக்கு ஒரு கிராமத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். அங்கே எல்லாம் இருக்கிறது. ரத்தினத் தூண், பவழக் கட்டில். பேச மட்டும் ஆளில்லை. அவள் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்த்தால் அவள் ஊர்ப் பெண்கள் குடம் முக்குகிற கை மட்டும் தெரியும். அவள், "நாகு இக்கட எவரூ லேரு" என்பாள். எனக்கு இங்கே யாரும் இல்லை. வரியின் கடைசியில் "அனுகுந்தி" என்று இருக்கும்.

அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். தெலுங்கில் "அன" என்றால் சொல்வது. அவர்களுடைய "கொனு" நம்முடைய "கினு" மாதிரி. எங்கள் பக்கத்தில் "சொல்லிக்கினா" என்றால் வாய்விட்டுச் சொல்வதுதான். "ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறா" என்போம். இரண்டையும் ஒட்டிப் பார்த்தேன். அனுகுந்தி, சொல்லிக்கினா. சரியாகப் பொருந்திவிட்டது. யாரையும் கேட்க வேண்டிய அவசியமே எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே நான் படித்த கதை இப்படி இருந்தது. பெண் புருஷன் எதிரில் உட்கார்ந்து, எனக்கு இங்கே யாரும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்கிறாள். நாகராஜகுமாரன் காதில் விழாதவன் மாதிரி சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவள், என் ஊரை ஒருமுறை காட்டினால் போதும் என்று சொல்கிறாள். அவன் திரும்பிப் படுக்கிறான். கொஞ்சம் பொறுத்து அவன், "இவளுக்கு என் செதில் பிடிக்கவில்லை" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். பெண் ஊருக்கு அழுகிறாள், இவன் தன் செதிலுக்கு அழுகிறான்! இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரனை நான் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை. எழுதினவரையும் மெச்சிக்கொண்டேன். முதலாமவர் மனசைத் திறந்து காட்டினார், இரண்டாமவர் மூடி வைத்தார், இவரோ மனசு என்று தனியாக ஒன்றை வைத்துக்கொள்ளாமல் இருப்பதையெல்லாம் வாயில் பேச வைத்துவிட்டாரே, சொல்லியும் கேட்காத கொடுமையை எவ்வளவு அழகாக எழுதுகிறார் என்று.

அக்காவிடம் சண்டையே போட்டேன்.

"அவனுக்கு ஒரு வாய் தொறந்து பதில் சொன்னா இன்னா கொறஞ்சிப் போவுது?"

"எவன்?"

"அந்தப் பாம்புதான்."

"பாவம்டி அவன். மஞ்சிவாடு."

"அவனா நல்லவன்? அவ அத்தன சொல்றா, அவன் துன்னுக்கினே இருக்கறான்!"

"ஏமி சொல்றா? அவ எக்கட சொன்னா?" என்று அக்கா புரியாமல் பார்த்தாள். பிறகு, "உனக்குப் பாம்புன்னாலே பயம்" என்று முடித்துவிட்டாள்.

எனக்கு அந்தப் பெண்மேல் பொறாமைகூட இருந்தது. கேட்கிறானோ இல்லையோ, அவள் சொல்லிவிடுகிறாள். நான் அப்படிச் சொல்கிறவள் இல்லை.

இதற்குள் எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணியோடு எங்கள் ஊர் மதராஸ் பக்கம் போயிற்று. சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. பிறந்த ஊர் ஒரு ராஜ்யம், நான் இருக்கிற வீடு ஒரு ராஜ்யம். அதோடு ஆபீசில், மதராஸ் பக்கம் வேலைக்குப் போக இஷ்டம் உள்ளவர்கள் போகலாம், இருக்கிறவர்கள் இருக்கலாம், ஆப்ஷன் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். இதையும் என் வீட்டுக்காரர் சொல்லி நான் கேட்கவில்லை. அவரோடு வேலை செய்கிறவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாப்பா முடிவு பண்ண? இங்கியா, அங்கியா?"

"பாக்கலாம்."

"பாத்துக்கினே இருந்தா தேதி போயிடும். வூட்ல இன்னா சொல்றாங்க?"

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர், "வூட்ல இன்னா, நல்லாத்தான் இருக்காங்க" என்றார்.

எனக்கு மதராஸ் பக்கம் போக வேண்டும். அவ்வளவு ஆசை எனக்கு அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் எதற்கும் வந்ததில்லை. காய்க்காரியிடம் இரண்டு வார்த்தை வம்பு பேச வேண்டும். அம்மா வீட்டுக்கு மத்தியானம் போய்ப் பொழுது சாயத் திரும்பி வருகிற தூரத்தில் இருக்க வேண்டும். அவர் கேட்பார், இன்றைக்குக் கேட்பார் என்று தினமும் பார்த்தேன். சாதம் போடும்போது கொஞ்சம் நின்று போட்டேன். அவர் கேட்கவில்லை. காலையில் விளக்கு ஏற்றும்போது, "சுவாமி, அவரு வாயாலயே என்னக் கேக்க வையி" என்று வேண்டிக்கொண்டேன். சொன்னதெல்லாம் சுவாமிக்குத்தான். அவருக்கு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரிடம் எவ்வளவோ சொல்லியாகிவிட்டது, அவர்தான் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்ற மாதிரி அவர்மேல் கோபம் வளர்ந்துகொண்டிருந்தது. மனசுக்குள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னால், வெளியிலும் சொல்லிவிட்ட களைப்பு வந்துவிடுகிறது.

அந்தச் சமயம் காய்ச்சலில் சில நாள் படுத்திருந்தேன். வீட்டுக்காரர் கேம்பில். கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். எழுந்து முற்றத்துக்கு வந்தபோது அக்கா குழாயடியில் இருந்தாள்.

"ஒசே, இக்கடனே இருக்கியா? நுவ்வு ஊரிகி போயினாவனி அனுகுண்டி!"

அதே வார்த்தைதான், தன்னைச் சொல்லும்போது அனுகுண்டி. நான் ஊருக்குப் போய்விட்டேன் என்று சொன்னாளாம். எனக்குச் சுருக்கென்றது. "யாருகிட்டக்கா அப்டி சொன்னீங்க?"

"ஏமி?"

"நான் ஊருக்குப் போயிட்டேன்னு யாருகிட்ட சொன்னீங்க? அவரு காதுல விழுந்தா இன்னா நெனப்பாரு?"

"நேனு எவருகிட்டயும் சொல்லலியேம்மா."

"இப்பதானே அனுகுண்டின்னீங்க?"

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு உரல்மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அய்யோ அரவம்மா! அனுகுண்டின்னா மனசுலேடி! வாயிலே காது, மனசுலே! மனசுலே நெனச்சேன்னு அர்த்தம்!"

காது என்றால் தெலுங்கில் இல்லை என்று அர்த்தம். அது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பத்திரிகைக் கட்டை எடுத்தேன். முதல் மாதத்திலிருந்து படித்தேன். சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்கு இங்கே யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். ஊரைக் காட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டாள். நாகராஜகுமாரனும் திட்டவில்லை. இவள் பேசுவதே இல்லை, என் செதில் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதனால்தான், அவள்மேல் உரசிவிடக்கூடாது என்றுதான், திரும்பிப் படுத்தான். நான் கல்நெஞ்சுக்காரன் என்று திட்டினவன் பவழக் கட்டிலின் ஓரத்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு படுத்திருந்தான்.

அப்போதுதான் மூன்று பேரும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தார்கள். எல்லாம் சொல்கிறவருடைய கதையில் நமக்குத் தெரிகிற மனசு கதையில் இருக்கிறவர்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். ஒரு கிளி போய்ச் சொல்லிவிடும், அல்லது ஒரு மாயக் கண்ணாடி காட்டிவிடும். அங்கே யாரும் தனியாக இருப்பதில்லை. ஒன்றும் சொல்லாதவருடைய கதையில் நாமும் அந்தக் கொக்கு மாதிரிதான் நிற்கிறோம். அவள் புடவையை நனைப்பதைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவார். தெலுங்குக்காரர் செய்ததுதான் தாங்கமுடியாதது. இரண்டு பேர் மனசையும் நமக்கு மட்டும் சொல்லிவிட்டு, அவர்களை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். இரண்டும் தெரிந்த நான் புத்தகத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். யாரிடம் போய்ச் சொல்வேன்?

பெருமாள் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கும் என் மனசு தெரியும், என் வீட்டுக்காரர் மனசும் தெரியும். அவரும் யாரிடமும் போய்ச் சொல்வதில்லை. குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் நினைத்ததும் சொன்னதும் ஒன்றுதான். வாய் திறக்கத் தேவையில்லை. அந்தப் பழக்கத்திலேயே நான் வீட்டுக்காரர் முன்னாலும் நின்றிருக்கிறேன். அவர் சாமி இல்லையே.

அந்தத் தொடர் முடிவில் ஏரி வற்றிப்போய், இரண்டு பேரும் ஒரு சின்னக் குட்டைத் தண்ணீரில் நெருக்கி உட்கார வேண்டி வந்தபோதுதான் பேசிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தார். ஏரி வற்றுகிறவரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

அவர் கேம்பிலிருந்து வந்ததும், முன்பே வேண்டிக்கொண்டபடி திருப்பதிக்குப் புறப்பட்டோம். ரயிலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினேன். பாகாலாவில் வண்டி வெகுநேரம் நின்றது. கட்டுச் சோற்றைப் பிரித்து இலையில் வைத்தேன். இப்போது என்று வாயெடுத்தபோது மொட்டை போடப் போகிற ஒரு குடும்பம் குழந்தை குட்டியோடு ஏறி எங்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது. ஊறுகாயைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மலை ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அலிபிரியிலிருந்து நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். முகத்துக்கு நேராக என்றால் அன்றைக்கும் எனக்கு வந்திருக்காது.

"இன்னாங்க. எனக்கு அந்தப் பக்கம் போவணும்."

அவர் நின்று திரும்பினார். "எந்தப் பக்கம்? கீழயா? இப்பதான ஏற ஆரம்பிச்சோம். கால் வலிக்குதா?"

"கால் வலி இல்ல. மதராஸ் பக்கம். ஆப்ஷன் கேட்டாங்களே. அங்க போயிடலாங்க."

பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எழுதிக் குடுத்துட்டனே," என்றார். "இங்கியே இருக்கறேன்னு. கேம்புக்குப் போறதுக்கு மின்ன."

"என்ன ஒரு வார்த்த கேக்கல."

"நீ தெலுங்கு படிக்கறியே."

எனக்குப் புரியவில்லை. "அதுக்கின்னா?"

"எழுத்து கத்துக்கின. புஸ்தகம் படிக்கற. அந்தம்மாகூட சிரிச்சிக்கினு இருக்கற. நான் வர்றப்பல்லாம் அந்தக் கட்டத்தான் கையில வச்சிக்கினு இருக்கற. சரி, இவளுக்கு இந்த ஊரு புடிச்சிப்போச்சி, கெளப்பி இஸ்துக்கினு போவக்கூடாதுன்னு..." நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். "எனக்கு மட்டும் அங்க போவ ஆச இல்லியா?"

பேச ஆளில்லாமல் தெலுங்கு படித்தேன். அதைப் பார்த்து அவர் நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். எங்களைத் தாண்டி ஒரு கூட்டம் "கோவிந்தா!" என்று போட்டுக்கொண்டு ஏறிற்று. பழக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் "கோவிந்தா" என்றோம்.

"நீ சொல்லியிருக்கலாம்," என்றார்.

"நீங்க கேட்டிருக்கலாம்," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் முன்னால் போகவில்லை. பக்கத்தில் நடந்தார். சந்நிதியில் என்னை நிற்கவிட்ட கொஞ்ச நேரத்தில் எனக்கு எந்த வேண்டுதலும் வரவில்லை. சுவாமியைப் பார்த்தேன், அவ்வளவுதான். இறங்கும்போது அவர், "திங்கக்கெழம போய்க் கேக்கறேன். மாத்திக் குடுக்கலாமான்னு" என்றார்.

இப்போது அவர் இல்லை. அவர் மெச்சின அந்த ஒன்றும் சொல்லாதவருடைய கொக்குக் கதை என்னிடம் இருக்கிறது. எல்லாம் சொல்கிறவரை இந்த வயதில் என்னால் படிக்க முடிவதில்லை. அவர் காட்டுகிற மனசெல்லாம் ஒரே மனசாக, அவருடையதாகவே இருக்கிறது. ராஜகுமாரியும் கிளியும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள். கொக்குக் கதையில் அவள் காய்ந்த புடவையை நனைக்கிற இடம் வரும்போது மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் ஏன் இதை நல்லாகீது என்றார் என்று கேட்க வேண்டும்போல் இருக்கும். மோர் ஊற்றிக்கொண்டாரே, அன்றைக்கே இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம்.

மலையில் சொன்னபடியே அந்தத் திங்கட்கிழமை அவர் ஆபீசுக்குப் போனார். நான் எந்த வேலையும் ஓடாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் அவர் வந்தார். வழக்கமாக உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் ஒரு வார்த்தை வரும். அன்றைக்கு வாசற்படியில் நின்றபடியே சொன்னார்.

"கேட்டேன். முடியாதாம். பேரெல்லாம் மேல போயிடுச்சாம். அதிகாரி கோவப்படல, நல்லாத்தான் பேசினாரு. ரெண்டு தரம் கேட்டேன். அடுத்து திருப்பதிக்கு மாத்தல் வரும்னு சொல்றாங்க. இதுக்குமேல யார கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

என்னோடு குடித்தனம் செய்த இத்தனை காலத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"பரவால்லீங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றக் குனிந்தார். அவர் குனிந்திருக்கும்போதே நான் மறுபடி சொன்னேன்.

"இல்லீங்க. பரவால்லாம இல்ல. எனக்கு அழுகையா வருது."

ஒரு செருப்பைக் கழற்றினவர் இன்னொன்றைக் கழற்றவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பித்தளைச் சொம்பை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.